காட்டுவதற்கு முன் கேட்பது: வேதியியல் வகுப்பும் காரைக்குடிச் சுண்ணாம்பும்

வேதியியல் பாடத்தில் மாணவர் கண்ணால் காண்பது ஒன்று, ஆசிரியர் வாயால் சொல்வது வேறொன்று, கரும்பலகையில் எழுதப்படுவது மூன்றாவது. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் கல் வெடித்து, ஆவி கிளம்பி, கொதித்து, மாவாக உதிர்கிறது. இது கண்ணுக்குத் தெரிகிறது. ஆசிரியர் அதே நேரத்தில் கால்சியம் அயனி, ஆக்சைடு அயனி, நீர் மூலக்கூறு என்று யாரும் பார்த்திராதவற்றைப் பேசிக்கொண்டிருக்கிறார். பலகையிலோ ஒரு கூட்டல் குறியும் ஓர் அம்புக்குறியும் கொண்ட ஒற்றை வரிதான் இருக்கிறது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்தலை ஆராய்ந்த அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1980களிலேயே இந்த மூன்று தளங்களையும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாகப் பிரித்துக் காட்டினார். பழகிய ஆசிரியர் ஒரே வாக்கியத்துக்குள் மூன்று முனைகளையும் தொட்டுவிட்டு வருவார். தாம் தாவியதே அவருக்குத் தெரியாது. புதிதாகப் படிக்கும் மாணவரோ முதல் முனையிலேயே நின்றுவிடுவார். வேதியியல் கடினம் என்ற பேச்சில் பெரும்பகுதி இந்தத் தாவலைப் பற்றியதே.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் செய்துகாட்டலும் ஆய்வகமும் வந்தன. இரண்டும் இருந்தாலே போதும், பாடம் தானாகப் புரிந்துவிடும் என்ற நம்பிக்கையும் கூடவே வந்துவிட்டது. அந்த நம்பிக்கை எங்கே பிசகுகிறது என்பதை ஒரு மெழுகுவர்த்தியை வைத்தே பார்த்துவிடலாம்.

தட்டில் கொஞ்சம் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடித் தம்ளர். சுடர் ஒடுங்கி அணைகிறது. தண்ணீர் தம்ளருக்குள் ஏறுகிறது. ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, அது இருந்த ஐந்தில் ஒரு பங்கு இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது என்று விளக்கம் சொல்லி, காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம் என்ற எண்ணோடு பாடத்தை முடிப்பது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். சோதனை சரி, விளக்கம் தவறு. சுடர் அணையும்போது உள்ளே ஏறக்குறைய 16 சதவீதம் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது. செலவான ஆக்சிஜனுக்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடும் வந்து சேர்கிறது. தண்ணீர் ஏறுவதற்கு முதற் காரணம் சூடுதான். தம்ளரைக் கவிழ்க்கும்போதே சுடரால் விரிந்த காற்றில் ஒரு பங்கு வெளியேறிவிடுகிறது; சுடர் அணைந்து மிச்சக் காற்று குளிரும்போது சுருங்குகிறது; வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

இதைச் சொல்லிக் கொடுத்தால் மாணவர் இன்னொரு விளக்கத்தை மனப்பாடம் செய்துகொள்வார், அவ்வளவுதான். கேட்க வேண்டியது வேறு: ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்தி வைத்தால் தண்ணீர் கூட ஏறுமா, குறைய ஏறுமா, அதே அளவா? ஒவ்வொருவரும் விடையைத் தாளில் எழுத வேண்டும். எழுதிய பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் காரணம் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் தீக்குச்சியை உரசலாம். பாடப்புத்தக விளக்கத்தை நம்புகிறவர் அதே அளவு என்றுதான் சொல்ல முடியும். தம்ளர் ஒன்றே, அதிலிருக்கும் ஆக்சிஜனும் ஒன்றே. மூன்று சுடரில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும்படி கூடுதலாக ஏறுகிறது. இப்போது மாணவர் கவனிக்காமல் விட்டதெல்லாம் கண்ணில் படத் தொடங்கும். தம்ளர் இறங்கும்போது விளிம்பில் குமிழிகள் வந்தன. சுடர் எரியும்வரை தண்ணீர் பெரிதாக அசையவில்லை. அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறியது. ஆக்சிஜன் செலவானதுதான் காரணம் என்றால் எரியும்போதே அல்லவா ஏறியிருக்க வேண்டும்?

ஐந்தில் ஒரு பங்கை உண்மையாகவே காட்ட வேண்டுமானால் சாதாரண இரும்புக் கம்பிச்சுருளை வினிகரில் நனைத்து, சோதனைக் குழாயின் அடியில் செருகி, குழாயைத் தண்ணீரில் கவிழ்த்து வைக்கலாம். பாத்திரம் தேய்க்கக் கடையில் கிடைக்கும் துருப்பிடிக்காத எஃகுச் சுருள் இதற்கு உதவாது. அதை வாங்கி வைத்துவிட்டு வாரம் முழுக்கக் காத்திருந்த வகுப்புகள் உண்டு. சாதாரண இரும்பு ஓரிரு நாளில் துருப்பிடிக்கும். தண்ணீர் குழாயில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏறி நின்றுவிடும். இங்கே சூடும் இல்லை, புது வாயுவும் இல்லை.

ஹார்வர்டில் கேத்தரின் கிரவுச், எரிக் மஸூர் முதலியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதே கேள்வியை இயற்பியல் வகுப்புகளில் சோதித்தது. செய்துகாட்டலை வெறுமனே பார்த்த மாணவர்களுக்கும், அதைப் பார்க்கவே பார்க்காதவர்களுக்கும் புரிதலில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பார்த்தவர்கள்தான் தெளிவாக முன்னே நின்றார்கள். அதற்குச் செலவான கூடுதல் நேரம் சில நிமிடங்களே. ஸ்காட் ஃப்ரீமனும் உடனாய்வாளர்களும் 2014இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களைச் சேர்ந்த 225 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோல்வி விகிதம் 33.8 சதவீதம், மாணவர் ஏதாவது ஒரு வகையில் தாமே செயல்பட்ட வகுப்புகளில் 21.8 சதவீதம். செயல்படுவது என்றால் நாற்காலியை விட்டு எழுந்து ஓடுவது அல்ல. கணித்து எழுதுவதும் பக்கத்து மாணவரோடு வாதிடுவதும் செயல்தான்.

ஆய்வகத்தைக் கற்பிக்கும் இடமாக ஆக்கியவர் என்று ஜெர்மனியின் யூஸ்டுஸ் லீபிக்கைச் சொல்வது வழக்கம். கீசன் நகரில் 1824இல் தொடங்கிய அவருடைய கூடத்தில் மாணவர்களே கையால் பகுப்பாய்வு செய்தார்கள். லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஒரு மெழுகுவர்த்தியை வைத்தே ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவை 1861இல் நூலாக வந்தன. தமிழில் இந்தப் பாடத்துக்கு வந்த தொடக்க நூல்களில் ஒன்று யாழ்ப்பாணம் மானிப்பாயில் தமிழ் வழியே மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் உருவாக்கிய ‘கெமிஸ்தம்’, 1875. பாடத்தின் பெயர் கெமிஸ்தத்திலிருந்து இரசாயனம் ஆகி, வேதியியல் ஆகிவிட்டது. பெயர் மூன்று மாறிய காலத்தில் பள்ளி ஆய்வகத்தின் மேசை அவ்வளவு மாறவில்லை.

காரைக்குடிக்கு வேதியியல் வந்த வழி தனி. கோட்டையூரில் 1909இல் பிறந்த அழகப்பச் செட்டியார், சென்னை கிண்டியில் 1944இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரிக்குக் கொடை தந்தவர்; 1947இல் காரைக்குடியில் கல்லூரி கண்டவர். மத்திய அரசின் ஆராய்ச்சிக் கூடம் ஒன்று இந்த ஊருக்கு வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14 அன்று, பொங்கல் நாளில், சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அப்படி வந்ததுதான். ஊரார் வாயில் அது சிக்ரி. அரிப்பு, மின்முலாம், மின்கலம், உப்புநீரைப் பிரிக்கும் மின்முனைகள் என்று அங்கே நடக்கும் வேலையெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு மின்வேதியியல் பாடத்தின் தலைப்புகளே. 2017இல் தொடங்கிய ஜிக்யாசா திட்டத்தின் வழியாகப் பள்ளி மாணவர்கள் இத்தகைய தேசிய ஆய்வகங்களுக்குள் போய் வருகிறார்கள். ஒரு நாள் பார்வை நல்லதுதான். ஆனால் பார்த்துவிட்டு வருவதற்கு மேலே சொன்ன விதியே பொருந்தும். என்ன பார்க்கப்போகிறோம் என்று கணித்துக்கொண்டு போகாதவருக்கு அது சுற்றுலா.

பள்ளி ஆய்வகத்தில் மேல்நிலை மாணவர் செய்வது பெரும்பாலும் இரண்டு: உப்பு ஆய்வு, தரம்பார்த்தல். உப்பு ஆய்வில் ஒரு பொட்டலத்தில் எளிய உப்பு ஒன்று கொடுக்கப்படும். சோதனை, உற்றுநோக்கல், அறிவன என்று மூன்று பத்தி போட்ட ரெக்கார்டு நோட்டு முன்னாலேயே நிரம்பியிருக்கும். வாசனை பிடித்தே அம்மோனியம் என்று கண்டுபிடித்து, பிறகு இல்லாத சோதனைகளையெல்லாம் செய்ததாக எழுதுவது மாணவர் உலகின் பொது அறிவு. தரம்பார்த்தலில் பெர்மாங்கனேட்டைப் பியூரெட்டில் எடுத்து, பிப்பெட்டால் அளந்த இரும்புக் கரைசல் உள்ள கூம்புக் குடுவையில் சொட்டுச் சொட்டாக விட்டு, மறையாத இளஞ்சிவப்பு வந்ததும் அளவைக் குறிக்க வேண்டும். ஒத்த அளவீடு இரண்டு வேண்டும் என்பது விதி. முதல் அளவு 19.8 என்றால் இரண்டாவதும் 19.8 ஆகவே ‘வந்துவிடும்’. இதில் கை நேர்த்தி உண்டு, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பியூரெட்டின் திருகை இடக்கையால் பிடித்து வலக்கையால் குடுவையைச் சுழற்றக் கற்றவர் அதை மறப்பதில்லை. குறை கேள்வியில் இருக்கிறது. விடை ஆசிரியரிடம் ஏற்கெனவே உள்ளது. மாணவரின் வேலை அதற்கு அருகே போய் நிற்பது. யாருக்கும் தெரியாத எதையும் அந்த மேசையில் யாரும் தேடவில்லை.

அதே பியூரெட்டையும் பிப்பெட்டையும் வைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் மாற்ற முடியும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, தெளியவிட்டு வடித்தால் சுண்ணாம்பு நீர். அதில் 20 மி.லி. எடுத்து 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்த்தால் 8 அல்லது 9 மி.லி. செலவாகும். ஒரு குழுவுக்கு மூடிய பாட்டில் நீர், இன்னொரு குழுவுக்கு இரவு முழுக்க அகலத் தட்டில் திறந்து கிடந்த நீர், மூன்றாம் குழுவுக்கு உறிஞ்சுகுழலால் ஒரு நிமிடம் ஊதப்பட்ட நீர். எது எவ்வளவு காற்றைக் குடித்திருக்கிறது என்று எண்ணால் சொல்ல வேண்டும். மூன்று குழுவும் மூன்று விடையோடு வரும். யாரும் யாரையும் பார்த்து எழுத வழியில்லை. ஊதியவர் விடாமல் ஊதிக்கொண்டே இருந்தால் பால்போல் ஆன நீர் மறுபடி தெளியும் என்பது கூடுதல் வேடிக்கை. அதையும் கணிக்கச் சொல்லிவிட்டுத்தான் ஊதச் சொல்ல வேண்டும்.

சுண்ணாம்பு என்ற ஒரே பொருளை வைத்து செட்டிநாட்டில் ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம். இந்த ஊர் வீடுகளின் சுவர்ப்பூச்சு சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லநீர், முட்டை வெள்ளைக்கரு என்று சேர்த்து அரைத்துப் பல படலமாகப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றியது. நூறு வருடம் ஆகியும் கண்ணாடிபோல் இருக்கும் அந்தச் சுவர் எப்படி இறுகியது? காய்ந்து இறுகியது என்பதே பெரும்பாலான மாணவரின் பதிலாக இருக்கும். நீற்றிய சுண்ணாம்பைக் குழைத்து இரண்டு சிறு வில்லை தட்டி, ஒன்றைத் திறந்த சன்னலில் வைத்து அவ்வப்போது லேசாகத் தண்ணீர் தெளித்துவரலாம். மற்றொன்றைக் காற்றுப்புகாத டப்பாவில் மூடிவிடலாம். சில வாரம் கழித்து இரண்டின் மேலும் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் திறந்து கிடந்தது பொங்கி நுரைக்கிறது. மூடிவைத்தது நுரைப்பதே இல்லை, அல்லது மிகக் கொஞ்சம். சன்னலில் இருந்தது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி மீண்டும் கல்லாகத் திரும்பத் தொடங்கிவிட்டது. சூளையில் சுண்ணாம்புக் கல் விட்ட வாயு அதுவே. வீட்டில் பாட்டியின் கரண்டகத்தில் சுண்ணாம்பின் மேல்பக்கம் மட்டும் ஏன் காறைகட்டுகிறது என்ற கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்துவிடுகிறது.

ஆத்தங்குடித் தளக்கல் இதற்கு நேர் எதிரான பாடம். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, பின்பக்கம் மணலும் சிமெண்டும் இட்டு நிரப்பிய கல்லைச் சுடுவதில்லை. தண்ணீர்த் தொட்டியில் போட்டு நாள்கணக்கில் ஊறவைக்கிறார்கள். பிறகு கண்ணாடி தானாகக் கழன்றுவர, மேற்பரப்பு அந்தக் கண்ணாடியின் வழவழப்பை எடுத்துக்கொண்டிருக்கும். சிமெண்டும் காய்ந்துதான் இறுகுகிறது என்று நம்புகிற மாணவருக்குத் தண்ணீருக்கடியில் இறுகும் கல் ஓர் அதிர்ச்சி. சிமெண்டுக்குத் தண்ணீர் வெறும் குழைப்பான் அல்ல, வினைப்பொருள். சுண்ணாம்புக்குக் காற்று வேண்டும், சிமெண்டுக்குத் தண்ணீர் வேண்டும். இரண்டையும் ஒரே ஊரின் ஒரே வீட்டில், ஒன்றைச் சுவரிலும் மற்றதைத் தரையிலும் காட்டலாம்.

நிறங்காட்டிக்கு மெத்தில் ஆரஞ்சு வாங்கி வர வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பைக் கலந்தால் சிவப்பதைப் பார்க்காத பிள்ளை இல்லை. அந்தச் சிவப்பில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் என்ன நிறம்? மஞ்சளுக்கே திரும்பும். சுண்ணாம்பு கூடினால் மறுபடி சிவக்கும். திரும்பக்கூடிய வினை என்ற சொல்லை உச்சரிக்காமலே அதைக் காட்டிவிடலாம். சொல் பிறகு வந்து சேர்ந்துகொள்ளும்.

மஞ்சளிலிருந்து மின்வேதியியலுக்கு ஓர் எட்டுதான். சிவகங்கைப் பக்கத்தில் கிராஃபைட் சுரங்கம் இருக்கிறது. பென்சிலின் நடுவில் இருப்பதும் களிமண் கலந்த கிராஃபைட்டே. இரண்டு பென்சிலை இருபுறமும் சீவி, ஒன்பது வோல்ட் பேட்டரியோடு இணைத்து, மஞ்சள்தூள் கலந்து வடித்த உப்புநீரில் நனைத்தால் எதிர்மின் முனையைச் சுற்றிச் சிவப்பு படரும். அங்கே ஹைட்ரஜன் குமிழியாகக் கிளம்ப, மிஞ்சுவது காரம். மற்ற முனையில் மெல்லிய குளோரின் நெடி வரும். அங்கே மஞ்சள் வெளுக்கும். உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரினும் எடுக்கும் தொழில் முழுவதும் இந்தக் கிண்ணத்துக்குள் இருக்கிறது. அந்தத் தொழிலுக்கான டைட்டேனிய மின்முனைகளை உருவாக்கியதில் சிக்ரிக்குப் பங்கு உண்டு. இரண்டு கரண்டி கரைசலும் திறந்த சன்னலும் போதும். நெடி வந்ததும் இணைப்பை எடுத்துவிட வேண்டும்.

எச்சரிக்கை இங்கே உபசாரத்துக்குச் சொல்லப்படுவது அல்ல. சுட்ட சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். நீற்றிக் காட்டும் ஆசிரியர் கண்ணாடி அணிய வேண்டும், மாணவரைத் தள்ளி நிறுத்த வேண்டும், கைக்கெட்டும் இடத்தில் நிறையத் தண்ணீர் வைத்திருக்க வேண்டும். மெத்தனாலை ஊற்றி நிறநிறமாகச் சுடர் காட்டும் சோதனையால் அமெரிக்கப் பள்ளிகளில் மாணவர் பலர் தீக்காயம் அடைந்த பிறகு, அந்நாட்டு வேதியியல் சங்கமே அதை நிறுத்தும்படி கேட்டுக்கொண்டது. கைதட்டல் வாங்கும் சோதனைக்கும் கற்றுக்கொடுக்கும் சோதனைக்கும் தொடர்பு குறைவு. வெடிப்பும் சுடரும் நினைவில் நிற்கும். ஏன் என்பது நிற்காது. மருந்தின் அளவைச் சொட்டுக் கணக்குக்குக் குறைத்து, மாத்திரை அட்டையின் குழிகளையே சோதனைக் குழாயாக வைத்துச் செய்யும் நுண்ணளவு முறை செலவையும் ஆபத்தையும் சேர்த்தே குறைக்கிறது. ஐம்பது பேர் வகுப்பில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சோதனை என்பது அப்போதுதான் நடக்கக்கூடியதாகிறது.

இப்படியெல்லாம் நம் பள்ளிகளில் நடக்குமா என்ற கேள்விக்கு மத்தியப் பிரதேசம் ஒரு காலத்தில் பதில் சொன்னது. ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, 1978இல் மாவட்டம் முழுக்கப் பரவிய அறிவியல் திட்டத்தில் பாடப்புத்தகத்தின் இடத்தில் பயிற்சி நூல், விரிவுரையின் இடத்தில் நாலு பேர் குழு. விடை புத்தகத்தில் இருக்காது. சோதனை செய்தால்தான் கிடைக்கும். தேர்வுக்குப் புத்தகத்தைக் கொண்டுபோகலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. முப்பது ஆண்டு நடந்த திட்டத்தை 2002இல் மாநில அரசு மூடியது. தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலமெங்கும் போன செயல்வழிக் கற்றல், தொடக்க வகுப்புகளோடு நின்றது. வேதியியல் என்ற பெயரில் பாடம் தொடங்கும் வயதில் மாணவர் மறுபடி விரிவுரைக்கும் வினா-விடைக்கும் திரும்பிவிடுகிறார்.

அதற்குத் தேர்வே முதற் காரணம். 200 மதிப்பெண் இருந்த காலத்தில் மேல்நிலை வேதியியலில் செய்முறைக்கு 50. 100 ஆகக் குறைத்தபோது எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று ஆனது. கால் பங்கு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. அந்த 20க்குள்ளும் கணிப்புக்கு மதிப்பெண் இல்லை. சரியான விடைக்கே உண்டு. தவறாகக் கணித்து, பார்த்ததை நேர்மையாக எழுதி, காரணத்தைத் தேடிய மாணவருக்கு அந்தத் திட்டத்தில் ஒரு மதிப்பெண்கூட ஒதுக்கப்படவில்லை.

மாணவரும் இதை உடனே விரும்பிவிட மாட்டார். ஹார்வர்டில் லூயி டெலாரியே குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், தாமே செயல்பட்ட வகுப்பினர் தேர்வில் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். கோவையான விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். தானே தடுமாறும்போது எதுவும் புரியாததுபோல் இருக்கும். தடுமாற்றம்தான் கற்றல் என்பதை ஆசிரியர் முதல் வாரத்திலேயே சொல்லிவிடாவிட்டால், பாடம் நடத்தாமல் நம்மையே செய்யச் சொல்கிறார் என்ற புகார் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

மெதுவாக நடக்கும் சோதனைகள் இதற்கு நல்ல மருந்து. மண்டபம் கடற்கரையில் சிக்ரியின் அரிப்பு ஆய்வு நிலையம் உப்புக்காற்றில் உலோகத் தகடுகளை வைத்துக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பை ஒரு தட்டுக்குள் கொண்டுவரலாம். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரைக் கொதிக்கவைத்து, பினாப்தலீனும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் சில சொட்டு கலந்து, மூன்று இரும்பு ஆணிகளின் மேல் ஊற்ற வேண்டும். ஒன்று வெறும் ஆணி, ஒன்று செம்புக் கம்பி சுற்றியது, ஒன்று துத்தநாகத் துண்டு சுற்றியது. எங்கே நீலம், எங்கே இளஞ்சிவப்பு, எந்த ஆணியில் நீலமே வராது என்று மாணவர்கள் தட்டின் மூடியிலேயே பெயரோடு எழுதி ஒட்டிவிடுவார்கள். மறுநாள் காலை முதல் மணி அடிப்பதற்குள் வெறும் ஆணியின் தலையும் கூரும் நீலமாகியிருக்கும், நடு உடல் இளஞ்சிவப்பாகியிருக்கும். செம்பு சுற்றியதில் நீலம் அதிகம். துத்தநாகம் சுற்றியதில் நீலமே இல்லை. இரும்பைச் சுற்றிலும் இளஞ்சிவப்பு மட்டும். இரும்பு கரைந்த இடம் நீலம், காரம் உண்டான இடம் இளஞ்சிவப்பு. ஆசிரியர் வகுப்புக்குள் நுழையும்போது மூடியில் ஒட்டிய தாள்களைச் சுற்றிக் கூட்டம் நின்றுகொண்டிருக்கும். செம்பு காப்பாற்றும் என்று எழுதியவர் தாளைக் கிழிக்கப் பார்ப்பார், மற்றவர் விடமாட்டார்.